முடங்கிய கால்களுடன் குதிரை ஏறினார்!
ஒலிம்பிக்கில் இரண்டு முறை வெள்ளிப் பதக்கம் வென்ற டென்மார்க் பெண்மணி

1952-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. பின்லாந்து நாட்டின் தலைநகரமான ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் பந்தயம் நடந்துகொண்டு இருந்தது.

குதிரையேற்றப் போட்டி ஒன்று முடிந்து, பதக்கம் வழங்கும் நேரம். மேடை போட்டு இருந்தார்கள். தங்கப் பதக்கம் சுவீடன் நாட்டு ராணுவ அதிகாரி ஹென்றி செயின்ட் சிர் என்பவருக்கு. வெள்ளிப் பதக்கம் ஒரு பெண்ணுக்கு.

அந்தப் பெண்ணால் மேடைமீது ஏற முடியவில்லை. செயின்ட் சிர் கை கொடுத்தார். தாங்கிப் பிடித்து அவரை மேடையில் ஏற்றிவிட்டார்.

குதிரைமீது ராணி போல் நிமிர்ந்து உட்கார்ந்து, பல நாட்டு ராணுவ அதிகாரிகளைத் தோற்கடித்த பெண்மணி அவர். ஆனால் தரையில் இறங்கினால் ஒரு படி ஏறக்கூட இன்னொருவர் துணை வேண்டும். காரணம், முழங்காலுக்குக் கீழே அவருடைய இரண்டு கால்களும் செயல் இழந்தவை!

அவர் பெயர் லிஸ் ஹார்ட்டல். டென்மார்க் நாட்டைச் சேர்ந்தவர். அப்போது வயது 31. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அவருடைய குதிரையின் பெயர் ஜூபிலி. அது ஒரு பெண் குதிரை.

இது என்ன போட்டி?

குதிரைப் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஓட்டம். எந்தக் குதிரை முதலில் வருகிறதோ அதற்குப் பரிசு. இந்தப் போட்டி அப்படிப்பட்டது அல்ல. இதில் வேகத்துக்கு வேலை இல்லை. தாண்டிக் குதிக்கும் வேலையும் இல்லை.

இதன் பெயர் "டிரெஸ்ஸாஜ்". பிரெஞ்சு மொழியில் இதற்குப் "பழக்குதல்" என்று பொருள். ஒரு குதிரை எவ்வளவு நன்றாகப் பழக்கப்பட்டு இருக்கிறது என்று பார்ப்பதுதான் போட்டி.

60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள ஒரு மைதானம். சுற்றிலும் எழுத்துகள் எழுதிய பலகைகளை நட்டு இருப்பார்கள். இந்த எழுத்துக்கு வந்ததும் நிற்க வேண்டும், அந்த எழுத்தில் திரும்ப வேண்டும், இன்ன இடத்தில் நடையை மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் கொடுத்துவிடுவார்கள். அதைச் சவாரி செய்பவர் மனப்பாடம் செய்து வந்து காட்டவேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யம் முதல் 10 வரை நடுவர்கள் மார்க் போடுவார்கள்.

குதிரை நின்ற இடத்திலேயே தாளம் போட்டுக் கால் மாற்றும். குறுக்கே கால் வைத்துப் பக்கவாட்டில் போகும். பின்னங்காலை அச்சாக வைத்து வட்டமாகச் சுழலும். பாய்ந்து போகும்போதே ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்வைக்கும் காலை மாற்றி மாற்றி வைக்கும். நம் ஊர்த் திருவிழாவில் நையாண்டி மேளத்துக்குப் பொய்க்கால் குதிரை ஆடுமே, அதை இங்கே உயிருள்ள குதிரை ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சவாரி செய்பவர் வாய் திறக்கக் கூடாது. "டொக், டொக்" என்று நாக்கால் ஒலி எழுப்பினாலும் மார்க் குறையும். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் சும்மா உட்கார்ந்து இருப்பதுபோல் தோன்றவேண்டும். குதிரை தானாகவே ஆடுவதுபோல் இருக்கவேண்டும். அதில்தான் இந்தக் கலையின் மேன்மை இருக்கிறது.

இப்படி ஒரு குதிரையைத் தயார் செய்வது ஒரு மாத வேலை அல்ல. ஓர் ஆண்டு வேலையும் அல்ல. மூன்று, நான்கு வயதில் தொடங்கினால், பெரிய போட்டிக்குத் தகுதியாக ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகிவிடும். தினமும் பழக்கவேண்டும். ஒரு நாள் கோபித்துக்கொண்டு சவுக்கை ஓங்கினால், ஒரு மாதம் பழக்கியது வீண். ராஜா தேசிங்கு முரட்டுக் குதிரையை அடக்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே அடக்கும் வேலையே கிடையாது. பேசிப் பழகும் வேலைதான்.

பெண்களுக்கு இடம் இல்லை

ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி 1912-ம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. 40 ஆண்டு காலம் அது ராணுவ அதிகாரிகளின் கோட்டையாக இருந்தது. ராணுவத்தில் இருப்பவர் என்றால் அதிகாரியாக இருக்கவேண்டும். சார்ஜென்ட், சிப்பாய் போன்றவர்கள் கலந்துகொள்ளக் கூடாது. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சுவீடன் குழு தங்கப் பதக்கம் பெற்றது. குழுவில் இருந்த பெர்சன் என்பவர் உண்மையில் சார்ஜென்ட். போட்டிக்காக அவரைத் தற்காலிகமாக லெப்டினென்ட் ஆக்கி அனுப்பி இருந்தார்கள். போட்டி முடிந்ததும் பழையபடி சார்ஜென்ட் ஆக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்தது. 1949-ம் ஆண்டில் சுவீடன் குழுவின் பதக்கத்தைப் பறித்துப் பிரான்சுக்குக் கொடுத்தார்கள். மேலே உட்கார்ந்தவரின் தொப்பி எந்தத் தொப்பி என்று குதிரைக்கு என்ன தெரியும்?

அந்த விதி அதன்பிறகு மாற்றப்பட்டது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சார்ஜென்ட்டுகளுக்கும் கதவு திறந்தது. பெண்களுக்கும் திறந்தது. பெர்சன் மறுபடியும் வந்து, சுவீடன் குழுவோடு சேர்ந்து தங்கப் பதக்கம் பெற்றுப் போனார். நான்கு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் லிஸ் ஹார்ட்டல்.

ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்ற ஏற்பாடு இதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே மைதானம், ஒரே திட்டம், ஒரே நடுவர்கள்.

ராணுவக் குதிரைக்காரர்களுக்கு லாயம் உண்டு, குதிரை உண்டு, பழகுவதற்கு நேரமும் உண்டு. லிஸ் அப்படி அல்ல. குடும்பப் பெண். சம்பளத்துக்குச் சவாரி செய்பவர் அல்ல. ஆசைக்குச் சவாரி செய்பவர். குழந்தைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் குதிரை பழகியவர்.

23 வயதில் விழுந்த இடி

லிஸ் 1921-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, கோபன்ஹேகன் நகரை அடுத்த ஹெல்லருப் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே குதிரை ஏறப் பழகினார். 20 வயதில் திருமணம். 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் டென்மார்க்கின் முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. அது இரண்டாவது உலகப் போர்க் காலம். டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தது.

1944-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். லிஸ் இரண்டாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தார். அப்போது அவருக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. போலியோ என்று சொல்கிறோமே, அந்த நோய்தான். பெயரில் "பிள்ளை" என்று இருந்தாலும் பெரியவர்களையும் அது விடுவது இல்லை.

சில நாட்களில் உடம்பின் பெரும்பகுதி முடங்கிவிட்டது. கால், தொடை, கை எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. நேற்று வரை குதிரையை ஆட்டுவித்த பெண், இன்று படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து இல்லை. 1955-ம் ஆண்டில்தான் அமெரிக்காவில் டாக்டர் சால்க் கண்டுபிடித்த தடுப்பு ஊசி மக்களுக்குக் கிடைத்தது. (நம் நாட்டில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போலியோ இல்லாத நாடு என்ற சான்று 2014-ம் ஆண்டில் இந்தியாவுக்குக் கிடைத்தது.)

1945-ம் ஆண்டில் லிஸ்சுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எந்தக் குறையும் இல்லாத குழந்தை.

தாய் தேறவேண்டுமே! முதலில் கையைத் தூக்கப் பழகினார். பிறகு தொடைத் தசைகளுக்கு மெல்ல மெல்ல உயிர் வந்தது. கைக்குழந்தை தவழும் காலத்தில் தாயும் தவழப் பழகவேண்டி இருந்தது. பிறகு ஊன்றுகோல். ஊன்றுகோலுடன் நாலு அடி நடந்தாலே போதும் என்று பலர் நினைத்து இருப்பார்கள். அவர் கண் மட்டும் லாயத்தின் மீதே இருந்தது.

டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை.

டாக்டர்கள் சொன்னதில் தப்பு இல்லை. குதிரையின் முதுகு தரையில் இருந்து ஐந்து அடி உயரம். குதிரை மிரண்டால், சவாரி செய்பவர் தொடையாலும் காலாலும் கவ்விப் பிடித்துத்தான் விழாமல் தப்ப முடியும். லிஸ்சுக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் திரும்பி வரவே இல்லை. கைகளிலும் பழைய வலு இல்லை. சேணத்தில் ஏற்றிவிட ஆள் வேண்டும். இறக்கிவிடவும் ஆள் வேண்டும். நடுவில் நடப்பதை மட்டும் அவரே பார்த்துக்கொண்டார்.

கால் பேசாவிட்டால் குதிரைக்கு எப்படிப் புரியும்?

இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது.

டிரெஸ்ஸாஜ் குதிரையோடு மனிதன் பேசும் மொழியில் பாதிக்கு மேல் கால்தான். கெண்டைக்காலை லேசாக அழுத்தினால் "முன்னே போ". ஒரு காலைக் கொஞ்சம் பின்னே தள்ளி அழுத்தினால் "பக்கவாட்டில் நகரு". அந்தக் காலை மாற்றினால் "பாய்ச்சலில் கால் மாற்று". கடிவாளம் வழி காட்டவும் நிறுத்தவும் உதவும். முன்னே தள்ளுவது கால்.

அந்தக் கால் லிஸ்சுக்கு இல்லை. மிச்சம் இருந்தவை என்ன? இடுப்பு, முதுகு, கொஞ்சம் தொடை வலு, உடம்பின் எடை. இவைதான்.

எடையைக் கொண்டு பேச முடியுமா? முடியும். குதிரையின் தோலில் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும். அதை நீங்களே பார்த்து இருப்பீர்கள். ஈ உட்காருவது தெரிகிற முதுகுக்கு, 50 கிலோ, 60 கிலோ எடை ஒரு விரல்கடை இடப்பக்கம் சாய்ந்தால் தெரியாமல் போகுமா?

குதிரையின் நுட்பத்துக்கு இன்னொரு சாட்சி உண்டு. 1900-ம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் பெர்லின் நகரில் "கெட்டிக்கார ஹான்ஸ்" என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போட்டால் விடை சொல்லும். மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்டால் காலால் ஏழு தட்டு தட்டும். ஊரே வாயைப் பிளந்தது. 1907-ம் ஆண்டில் புங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் மர்மத்தை உடைத்தார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தம்மை அறியாமல் மயிரிழை அசைந்தது. குதிரை அதைக் கவனித்துத் தட்டுவதை நிறுத்தியது! கேட்டவருக்கே தெரியாத அசைவு குதிரைக்குத் தெரிந்தது.

குதிரையின் இந்தக் குணம்தான் லிஸ்சுக்குக் கை கொடுத்தது. முதுகை நிமிர்த்தி இடுப்பை முன்னே தள்ளினால் போகவேண்டும்; எடையை ஒரு பக்கம் மாற்றினால் அந்தப் பக்கம் நகர வேண்டும். இப்படி ஜூபிலி பழகியது.

குதிரைக்குப் புதிய சைகை கற்றுக்கொடுக்கும் முறை கேட்க எளிது. சைகை காட்டவேண்டும். காத்து இருக்கவேண்டும். குதிரை தப்பாகச் செய்தால் கோபிக்காமல் மறுபடியும் காட்டவேண்டும். சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே கடிவாளத்தைத் தளர்த்தி, கழுத்தில் தட்டிக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும், எதற்காகத் தட்டிக்கொடுத்தார்கள் என்று குதிரைக்குப் புரியாது. இப்படி நூறு முறை, ஆயிரம் முறை. குழந்தைக்கு "அ" எழுதச் சொல்லிக்கொடுத்த தாய்மார்களுக்கு இந்தப் பொறுமை என்ன என்று தெரியும்.

காலால் உதைத்துக் குதிரையைப் போக வைக்கிறவர்கள் பலர். சைகை சரியாக இல்லாவிட்டாலும் உதை அதைச் சரிக்கட்டிவிடும். லிஸ்சுக்கு அந்தக் குறுக்கு வழி அடைபட்டுப் போனது. அவர் தெளிவாகக் கேட்டால்தான் குதிரை செய்யும். வேறு வழி இல்லாததால், இந்தக் கலையின் நேர்வழி அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகப் பிடிபட்டது என்றே சொல்லலாம்.

நோய் கண்டு மூன்று ஆண்டுகள் முடிந்தன. 1947-ம் ஆண்டில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் போட்டியில், பெண்கள் பிரிவில் லிஸ் இரண்டாவதாக வந்தார்.

அரை மார்க்!

ஹெல்சிங்கிக்கு வருவோம். ஜூபிலியின் மீது லிஸ் உட்கார்ந்து மைதானத்துக்குள் வந்தார். சவாரி செய்பவர் அசையாமல் இருக்கவேண்டும் என்பது இந்தப் போட்டியின் இலக்கணம் அல்லவா? அவரைவிட அசையாமல் உட்கார்ந்தவர் யார்!

முடிவு வந்தது. செயின்ட் சிர் 561 மார்க். லிஸ் ஹார்ட்டல் 541.5 மார்க். பிரான்சின் புகழ்பெற்ற குதிரை வீரர் ஜூசோம் 541 மார்க். அரை மார்க்கில் அவரை முந்தி லிஸ் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் பெண் அவரே.

அவர் பதக்கம் பெற்ற அதே கோடையில், கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சு விடும் தசைகளும் முடங்கி, குழந்தைகளும் பெரியவர்களும் பிளெக்டம் ஆஸ்பத்திரியில் வந்து குவிந்தார்கள். மூச்சு கொடுக்கும் இயந்திரங்கள் போதவில்லை. தொண்டையில் குழாய் வைத்து, அதில் இணைத்த ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். இரவு பகலாக, முறை வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் சுமார் 1,500 மாணவர்கள். நோய் பெற்ற பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து இருந்த டென்மார்க் தாய்மார்களுக்கு லிஸ்சின் படம் பத்திரிகையில் வந்தது எவ்வளவு பெரிய தெம்பாக இருந்து இருக்கும்!

மறுபடியும் வெள்ளி

1956-ம் ஆண்டு ஒலிம்பிக் ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஆனால் வெளிநாட்டுக் குதிரைகளை எளிதில் உள்ளே விட அந்த நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. குதிரைப் போட்டிகளை மட்டும் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடத்தினார்கள்.

லிஸ்சும் ஜூபிலியும் அங்கேயும் போனார்கள். இந்த முறையும் செயின்ட் சிர் முதல், 860 மார்க். லிஸ் இரண்டாவது; 850 மார்க். இடைவெளி பத்தே மார்க். ஜெர்மனியைச் சேர்ந்த லின்சன்ஹோப் என்ற பெண்மணி மூன்றாவதாக வந்தார்.

இந்தப் போட்டியில் நடுவர்கள் நடந்துகொண்ட விதம் அழகாக இல்லை. சுவீடன் நடுவர் தம் நாட்டவர் மூவரை முதல் மூன்று இடத்தில் வைத்தார். ஜெர்மனி நடுவரும் சளைக்கவில்லை. தம் நாட்டவர் மூவரை முதல் மூன்று இடத்தில் வைத்தார்! இத்தனைக்கும் நடுவே டென்மார்க் பெண் வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1972-ம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் லின்சன்ஹோப் தங்கம் வென்றார். குதிரையேற்றத்தில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் பெண் அவர். வழி திறந்தவர் லிஸ். 2023-ம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில், இதே டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. அந்த நால்வரில் இருவர் பெண்கள்.

குதிரையும் ஒரு வைத்தியர்

லிஸ் ஹார்ட்டலின் வெற்றி டாக்டர்களையும் யோசிக்க வைத்தது. குதிரை நடக்கும்போது, மேலே உட்கார்ந்தவரின் இடுப்பு மனிதன் நடக்கும்போது அசைவதுபோலவே அசைகிறது. கால் நடக்காவிட்டாலும் இடுப்பும் முதுகும் "நடக்கின்றன". இதனால் தசைகளுக்கு வலு வருகிறது. உடம்பைச் சமநிலையில் நிறுத்தப் பழக்கம் வருகிறது. முடக்கு நோயாளிகளைக் குதிரைமீது ஏற்றிப் பயிற்சி தரும் முறை ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் பரவியது. போலியோ நோயாளிகளுக்கு நிதி திரட்டும் பணியில் லிஸ்சும் ஈடுபட்டார்.

லிஸ் ஹார்ட்டல் 2009-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், 87-வது வயதில் காலமானார்.

உடல் ஊனமுற்றோருக்கான பாராலிம்பிக் பந்தயத்தில் டிரெஸ்ஸாஜ் போட்டி 1996-ம் ஆண்டில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் சேர்க்கப்பட்டது. கால் செயல்படாதவர்கள் காலுக்குப் பதிலாக இரண்டு கையிலும் சிறு பிரம்பு வைத்துக்கொள்ள அதில் அனுமதி உண்டு. கையில் வலு இல்லாதவர்களுக்குக் கடிவாளத்தில் வளையம் வைத்துக் கொடுக்கிறார்கள். இப்படிப் பல வசதிகள். ஹெல்சிங்கியில் லிஸ்சுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஏற்றிவிட ஆள் இருந்தார்கள். பிறகு அவரும் ஜூபிலியும்தான்.